இராகத் தலைவனுக்கு ஒரு பதில்

வந்த கேள்வி இது: "சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். ஒன்பது வருடமாக எங்கள் சபையில் ஆராதனை நடத்துகிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு மதியத்துக்கு மேல் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துப் பக்கம் இருக்கும் சின்ன சபைக்கும் போய்ப் பாடுகிறேன். ஒரு வருடமாக உள்ளே காய்ந்துபோய்விட்டது. ஜனங்களைக் கைதட்டிப் பாடச் சொல்கிறேன், எனக்கே மனசு அசையவில்லை. நடிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. அபிஷேகம் போய்விட்டது என்று சபையில் ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். நவம்பரிலிருந்து மலையிலும் ஆள் குறைந்துவிட்டது. சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணி வரை பட்டறை, ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பாட்டுப் பயிற்சி. விட்டுவிடட்டுமா?"

தம்பி, விட வேண்டாம். ஆனால் ஒரு மாதம் மேடையை விட்டு இறங்கி, சபையோடு சபையாகப் பெஞ்சில் உட்காருங்கள். இதைச் சும்மா ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சேலத்திலேயே அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு சபையில் இருபத்திரண்டு வருடம் பாடகர் குழுவை நடத்தியவன் நான். வாரம் முழுக்கக் கைத்தறிச் சங்கத்தில் கணக்கு எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்தவன். நீங்கள் எழுதியிருக்கிற வறட்சி எனக்கும் வந்தது, அதில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தேன்.

அந்த "அபிஷேகம் போய்விட்டது", அதாவது ஆவியானவரின் வல்லமை உங்களை விட்டுப் போய்விட்டது என்ற பேச்சைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ஏனென்றால் உங்களை ராத்திரி தூங்க விடாமல் செய்வது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. வேதாகமத்தில் சங்கீதப் புத்தகத்தைத் திறந்து தலைப்புகளை மட்டும் பாருங்கள். "இராகத் தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட" என்று திரும்பத் திரும்ப வரும். 55 சங்கீதங்களின் தலைப்பில் இந்த இராகத் தலைவன் இருக்கிறார். அவர் யார்? ஆலயத்தில் பாட்டை நடத்தியவர். இன்றைய பேச்சில் சொன்னால் உங்கள் வேலையைச் செய்தவர். சரி, அவர் கையில் என்னென்ன பாட்டு கொடுக்கப்பட்டது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிற 13-ஆம் சங்கீதம் அவருக்குத்தான். சிலுவையில் இயேசு சொன்ன வார்த்தையோடு தொடங்கும் 22-ஆம் சங்கீதமும் அவருக்குத்தான். கடைசி வரி வரைக்கும் வெளிச்சமே வராத 88-ஆம் சங்கீதமும் அவருக்குத்தான். மற்றப் புலம்பல்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு "ஆனாலும்" வரும். 88-ல் அதுவும் கிடையாது. நண்பர்கள் விலகிப்போனார்கள் என்று சொல்லி அப்படியே முடிந்துவிடுகிறது. அதையும் ஒருவர் சபை நடுவே நின்று பாட வேண்டும் என்றுதான் இராகத் தலைவன் கையில் கொடுத்தார்கள்.

இன்னும் நெருக்கமாக ஒன்று இருக்கிறது. 42-ஆம் சங்கீதத்தில் நாலாவது வசனத்தை நிதானமாக வாசியுங்கள். பண்டிகைக் கூட்டத்தோடு களிப்பாகப் பாடிக்கொண்டு ஆலயத்துக்குப் போன நாட்களை அவர் நினைத்துப் பார்க்கிறார், உள்ளம் உருகுகிறது. ஆலயப் பாடகர் குடும்பமான கோராகின் புத்திரர் பெயரில் இருக்கும் பாட்டு அது. ஒரு காலத்தில் கூட்டத்தோடு பாடினேன், இப்போது கண்ணீர்தான் சாப்பாடு என்கிறார். உங்கள் கடிதமும் கிட்டத்தட்ட அதே வசனம்தான், தம்பி. அதை வேதாகமத்தில் சேர்த்து, பாடு என்று கொடுத்திருக்கும்போது, உங்களை மட்டும் தள்ளுபடியான ஆள் என்று யார் சொல்ல முடியும்?

நடிக்கிறேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பயம் வருவதே நல்ல அடையாளம் என்று பலர் சொல்வார்கள். நான் அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் மேடையில் நிஜமாகவே நடிப்பு நடக்கும் இடம் ஒன்று உண்டு. பாட்டின் வார்த்தை உண்மை. அதை மனசு அசையாத நாளிலும் பாடலாம், அதில் பொய் ஒன்றும் இல்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை "அம்மா" என்று கூப்பிடுவதற்கு உற்சாகம் தேவையா? ஆனால் இரண்டு பாட்டுக்கு நடுவே, கீபோர்டு மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது நாம் பேசுகிறோமே, அங்கேதான் ஜாக்கிரதை. உள்ளே ஒன்றும் இல்லாதபோது "இப்போது இந்த இடத்தில் ஒரு பெரிய அசைவை உணருகிறேன்" என்று சொன்னால், அது நடிப்பு. நானும் சொல்லியிருக்கிறேன், பலமுறை. சொன்ன பிறகு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வாய் கசக்கும். அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் இதுதான்: பாட்டு நடுவே என் உணர்வைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு வசனத்தை வாசிப்பேன், அடுத்த பாட்டை எடுப்பேன். உங்கள் பயத்தில் பாதி இதிலேயே குறைந்துவிடும், பாருங்கள்.

அடுத்து உடம்பு. ராத்திரி பதினொன்று வரை நெருப்பு முன்னால் குனிந்து, பொடிப்பொடி வளையங்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்துவிட்டு, ஆறு மணி நேரம்கூடத் தூங்காமல் எழுந்து பாடப் போகிறவருக்கு உள்ளே ஒன்றும் தோன்றவில்லை என்றால், அதை ஆவிக்குரிய வீழ்ச்சி என்று உடனே பெயர் வைக்கக் கூடாது. எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கிய கையோடு, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்கிறார். தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். தூதன் இரண்டாம் தரமும் தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலைக்குப் போய்க் கர்த்தருடைய சத்தத்தைக் கேட்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஞாயிறு பயிற்சியை வியாழன் மாலைக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாது என்று குழு சொன்னால், ஞாயிறு காலையில் புதுப் பாட்டு எதுவும் வேண்டாம், தெரிந்த பாட்டு நாலு போதும் என்று சொல்லிவிடுங்கள். தெரிந்த பாட்டுக்கு ஆறு மணிப் பயிற்சி எதற்கு?

இதோடு சேர்த்து ஒன்று. பாட்டில் மட்டும் இல்லை, சாப்பாடு, பிள்ளைகள், வேலை எதிலும் ருசியே இல்லை, வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால், ஜெபத்தோடு சேர்த்து மருத்துவரையும் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்ததை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இப்போது பெஞ்சுக்கு வருகிறேன்.

என் அம்மா இறந்த வருடம் எனக்குக் குரலே எழவில்லை. முதல் மூன்று வாரம் வழக்கம்போல மேடையில் நின்றேன். நாலாவது வாரம் எங்கள் ஆயர் என் தோளில் கை வைத்து, "நீங்க கொஞ்ச நாள் கீழ உக்காருங்க, தம்பிங்க பாத்துக்கட்டும்" என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. என்னை ஒதுக்குகிறார்கள் என்று நினைத்தேன். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டியம்மா. சேலம் குகைப் பகுதியில் தறி வேலை பார்த்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. புரொஜெக்டரில் ஓடும் வரிகள் அவருக்கு வெறும் வெளிச்சம். பல்லவியை அவர் நன்றாகவே பாடினார், கரகரப்பான தணிந்த குரல், பைபிள் உறையின் மேல் விரலால் தாளம். சரணம் மேலே ஏறியது. அவர் நிறுத்திவிட்டார். வாய் மட்டும் அசைந்தது, சத்தம் இல்லை. பாட்டு கீழே இறங்கியதும் மறுபடி சேர்ந்துகொண்டார். அடுத்த பாட்டிலும் அப்படித்தான். முன்னால் இருந்த ஆண்கள் வரிசையைப் பார்த்தேன். அவர்களில் பாதிப் பேரும் அதே இடத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

எனக்கு இயல்பிலேயே கொஞ்சம் உயரமான குரல். என் குரலுக்கு எது எடுப்பாக இருக்குமோ அந்த ஸ்கேலில்தான் எல்லாப் பாட்டையும் வைத்திருந்தேன், எனக்குப் பின் வந்த தம்பிகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அத்தனை வருடமாக அந்தப் பாட்டியம்மாவை ஒவ்வொரு ஞாயிறும் சரணத்து வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது நான்தான். மேடையில் நின்றபோது மானிட்டரில் என் குரலும் கீபோர்டும்தான் கேட்கும். சபை பாடுகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவே இல்லை. சபை பாடவில்லை, நாம்தான் இழுக்க வேண்டும் என்று நினைத்து இன்னும் சத்தமாகப் பாடினேன். அந்தச் சத்தத்தில்தான் நான் களைத்துப்போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

திரும்ப மேடைக்குப் போனதும் செய்த முதல் வேலை, கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை மூன்று தட்டு கீழே இறக்கியது. ஒரு கணக்கு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: பாட்டின் உச்ச ஸ்வரம், கீபோர்டின் நடு சி-க்கு மேலே வரும் அடுத்த சி, மிஞ்சினால் டி, அதோடு நிற்க வேண்டும். ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். நமக்கு அது சப்பென்று இருக்கும். சபைக்கு அதுதான் வசதி. பாடகருக்கு எடுப்பாக இருப்பதும் சபைக்குப் பாட வருவதும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாட்டிலாவது ஒரு பல்லவியை மைக்கை விட்டு ஓரடி தள்ளி நின்று பாடினேன், சபையின் சத்தம் காதில் விழட்டும் என்று. முதல் இரண்டு வாரம் மெலிசாக வந்தது. பிறகு கூடியது. என் சோர்வு ஒரே நாளில் போகவில்லை. ஆனால் நான் பாட முடியாத வரியை அவர்கள் பாடினார்கள், அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அப்படித்தான் எனக்குத் திரும்பி வந்தது.

நம் கீர்த்தனைகளுக்கு இதில் ஒரு பெரிய பலம் உண்டு. ஆரம்பக் காலத்தில் மிஷனரிகள் ஜெர்மன், ஆங்கிலப் பாட்டுகளை அந்த ராகத்திலேயே மொழிபெயர்த்துப் பாட வைத்தார்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் முறையிலேயே எழுதினார்கள். 1853-ல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் அந்தக் கீர்த்தனைகளைத் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவந்தார். பல்லவி திரும்பித் திரும்பி வருவதால், வாசிக்கத் தெரியாதவரும் இரண்டாவது சுற்றிலேயே சேர்ந்துகொள்ள முடியும். புதுப் பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் விரும்பிப் பாடுகிறவன்தான். ஆனால் நாலில் ஒன்று கீர்த்தனையாக இருக்கட்டும். மலையில் பாடும்போது இரண்டு இருக்கட்டும், அங்கே புரொஜெக்டரை நம்பிப் பாட்டை எடுக்க முடியாது.

மலை என்றதும் ஆள் குறைந்த விஷயம். நவம்பரிலிருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். அது காப்பிப் பழம் பறிக்கிற காலம், தம்பி! சேர்வராயன் மலையில் நவம்பர் தொடங்கி ஜனவரி வரை அதுதான் பெரிய வேலை. பழுத்த பழம் செடியில் காத்திருக்காது, உதிர்ந்தால் நஷ்டம். எடைக்குக் கூலி என்றால், வருடத்தில் நாலு காசு கையில் நிற்கிற மாதங்களும் அவைதான். ஞாயிறு மதியம் வராத அந்தக் குடும்பங்கள் உங்கள் பாட்டு பிடிக்காமல் வராமல் இல்லை, மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மூன்று மாதம் மட்டும் மதிய ஆராதனையை விட்டுவிட்டு, இருட்டிய பிறகு அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கே போய் அரை மணி நேரம் பாடிப் பாருங்கள். டிசம்பரில் எப்படியும் கேரல் போவீர்கள், அதையே கொஞ்சம் முன்னால் தொடங்குவதுதான். கீபோர்டு வேண்டாம், ஒரு கஞ்சிரா போதும். பனி இறங்கும், கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டிக் கடைசி பஸ்ஸில் இறங்க வேண்டும் என்ற அவசரத்தோடு பாட வேண்டாம். அங்கேயே ஒரு வீட்டில் தங்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் இருந்தது, நீங்கள் நேராக எழுதவில்லை. பட்டறையில் வேலை செய்கிறவன்தானே, முழுநேர ஊழியக்காரர்போல நமக்கு வருமா என்ற தயக்கம். பவுல் கூடாரம் செய்து பிழைத்தவர், அது எல்லோருக்கும் தெரியும். நம் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) சித்த மருத்துவத்தில் சம்பாதித்தவர். அந்தச் சம்பாத்தியத்தில்தான் இசை மாநாடுகளைக் கூட்டினார், 1917-ல் தமிழிசை ஆராய்ச்சியைப் பெரிய நூலாக வெளியிட்டார், கீர்த்தனைகளும் எழுதினார். கை தொழிலில் இருந்ததால் பாட்டு குறைந்துபோய்விடவில்லை.

ஆனால் தொழில் செய்துகொண்டு பாடுகிறவருக்கு முறை வைத்துக்கொள்வது அவசியம். 1 நாளாகமம் 25-ஐப் பாருங்கள். தாவீது காலத்தில் ஆசாப், ஏமான், எதுத்தூன் குடும்பங்களில் தேறின பாடகர்கள் 288 பேர். அவர்களைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக 24 பிரிவாக்கி, முறைக்குச் சீட்டுப் போட்டார்கள். சிறியவன், பெரியவன், ஆசான், மாணாக்கன் என்று பார்க்காமல் போட்டார்கள் என்று எட்டாவது வசனம் சொல்கிறது. ஒன்பது வருடமாக ஒரே ஆளே எல்லா ஞாயிறும் நிற்க வேண்டும் என்று வேதத்தில் எங்கேயும் எழுதப்படவில்லை. உங்களிடம் 288 பேர் இல்லை, சரி. மூன்று பேர் இருக்கிறார்களா? கிட்டார் வாசிக்கிற பையன், ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற அக்கா, அப்புறம் நீங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். அவர்கள் முதலில் தடுமாறுவார்கள். மேடை ஏறிக் காப்பாற்றப் போகாதீர்கள்.

இதை வாசிக்கிற ஆயர்களும் சபை மூப்பர்களும் இருந்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. நெகேமியா 13-ஆம் அதிகாரத்தில், பங்கு கொடுக்கப்படாததால் லேவியரும் பாடகரும் அவரவர் நிலத்துக்கு ஓடிப்போனார்கள் என்று இருக்கிறது. நெகேமியா யாரைக் கடிந்துகொண்டார்? ஓடிப்போன பாடகரை இல்லை. தலைவர்களைக் கூப்பிட்டு, தேவனுடைய ஆலயம் ஏன் கைவிடப்பட்டது என்று கேட்டார். மலைக்குப் பாடப் போகிற தம்பிக்கு பஸ் காசு யார் தருகிறார்கள், ராத்திரி அவர் சாப்பிட்டாரா, ஒரு வருடமாக அவரிடம் பாட்டைத் தவிர வேறு ஏதாவது விசாரித்தோமா என்று யோசித்துப் பாருங்கள். "அபிஷேகம் போய்விட்டது" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அவர் வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் காப்பி குடிக்க அரை மணி நேரம் வேண்டும், அதனால்தான் யாரும் போவதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

தம்பி, உங்கள் பாஸ்டரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "பாஸ்டர், நான் களைச்சுப் போயிருக்கேன். விசுவாசத்த விடல, பாட்டையும் விடல. நாலு வாரம் கீழ உக்காந்து பாடுறேன். அதுக்கப்புறம் மூணு வாரத்துக்கு ஒரு தடவ ஆராதனை நடத்துறேன்" என்று இவ்வளவு சொன்னால் போதும். காரணம் கேட்டால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். உங்களைப் பற்றித் தப்பாகப் பேசியவரிடம் இப்போதைக்கு விளக்கம் சொல்லப் போக வேண்டாம்.

அந்த நாலு வாரத்தில் காலையில் வீட்டில் ஒரு சங்கீதம், சத்தமாக, ராகம் போடாமல் வாசியுங்கள். 13, 22, 42, 88 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 88 வருகிற வாரம் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சமாதானத்துக்கு வேறு சங்கீதம் தேடிப் போக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே போய்க் கடைசி பெஞ்சில், வயதானவர்கள் பக்கம் இடம் பிடியுங்கள். வாய் வந்தால் பாடுங்கள், வராவிட்டால் சும்மா இருங்கள். சரணம் ஏறும்போது பக்கத்தில் யார் எந்த வரியில் நிறுத்துகிறார்கள் என்று மட்டும் கவனமாகக் கேட்டு, பாட்டுப் புத்தகத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.